ரத்தம் வராத அடி

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேலரியில அம்புட்டுக் கூட்டம், அம்புட்டு விசிலு, ஒரு பக்கம் மேளம், மைக்குல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துதான். இருந்தும் கேட்டுச்சு. ரெண்டு தேங்காய முட்டவிட்டா வருமே, அந்தச் சத்தம்.

கார்னர் கிக். பந்து வளைஞ்சு உள்ள வருது. ஸ்ரீவில்லிபுத்தூர் டீம்ல இருந்து எங்க அருள் அண்ணன் ஓடி வந்து எம்புதான். ராஜபாளையம் டீம்ல தடுக்க நிக்கிறது கேப்டன், என் வீட்டுக்காரர் எட்வின். அவியளும் எம்புனாவ. பந்து ரெண்டு பேரையும் தாண்டிப் போயிருச்சு. தலையும் தலையும் மோதி ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தாங்க.

என் கூடப் பிறந்தவன் ஒருத்தன், என்னைக் கட்டுனவரு ஒருத்தர். நான் யாரைப் பாத்து ஓட?

அண்ணனுக்குப் புருவம் பிளந்திருச்சு. வெள்ளைச் சட்டை நெஞ்சு வரைக்கும் ரத்தம். கிரவுண்டே ஐயோன்னுச்சு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போயி, அப்படியே ஒரு கார்ல போட்டு வில்லிபுத்தூருக்குத் தையல் போடக் கொண்டு போனாங்க.

என் வீட்டுக்காரரு செத்த நேரம் படுத்துக் கிடந்தாவ. ஒருத்தன் பாட்டில் தண்ணியைத் தலையில ஊத்துனான். எந்திரிச்சு உக்காந்தாவ, கண்ணைச் சிமிட்டுனாவ, நின்னாவ. ரெஃப்ரி என்னமோ கேட்டாரு, இவிய தலையாட்டுனாவ. "இரும்பு மண்டைலே!"ன்னு எங்க பக்கத்துக் கூட்டம் கத்துச்சு. கைதட்டு ஓயவே இல்ல.

நான் வேலை பாக்குறது சத்திரப்பட்டியில ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில. நாள் பூரா காயத்துக்குக் கட்டுற துணியை மடிச்சு மடிச்சுப் பாக்கெட்டுல போடுறவ. எங்க ஆளுகளுக்கெல்லாம் காயம்னா ரத்தம் வரணும். ரத்தம் வரலைன்னா அது அடியே இல்ல.

இம்புட்டு வாரமா இந்தத் தொடர்ல இதை எழுதாமச் சுத்திச் சுத்தி வந்தேன். கம்பெனிக் கதை, கல்யாணத்துல பந்திச் சண்டை வந்த கதை, மாமியார் வான்கோழி வளத்த கதைன்னு எழுதி உங்களைச் சிரிக்க வெச்சேன். 'உங்க வீட்டுக்காரர் ரொம்பத் தமாசான ஆளா இருக்காரே, இப்ப எப்படி இருக்கார்?'னு கும்பகோணத்துல இருந்து ஒரு அம்மா கேட்டு எழுதியிருக்காங்க.

அம்மா, அவிய இல்ல. எப்படி இல்லாமப் போனாவங்கிறதை இந்த வாரம் சொல்லுதேன்.

பேருதான் அகில இந்தியா

எங்க ஊருல வருசா வருசம் அகில இந்தியக் கோப்பைன்னு ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். கேரளாவுல இருந்து வருவாங்க, கோவாவுல இருந்து வருவாங்க, கல்கத்தாவுல இருந்து ரயில்ல வந்து இறங்குவாங்க. நம்ம பயலுக ரெண்டாவது ரவுண்டுலயே உதை வாங்கிட்டு, மிச்சத்தைக் கேலரியில உக்காந்து கடலை தின்னுக்கிட்டுப் பாப்பாங்க. கப்பு எப்பவும் ரயில் ஏறிப் போயிரும்.

அந்த வருசம் என்ன அதிசயமோ, ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் வில்லிபுத்தூர், ரெண்டு பேரும் பெரிய பெரிய டீமையெல்லாம் கவுத்துட்டு ஃபைனலுக்கு வந்துட்டாங்க. புரட்டாசிச் சனிக்கிழமை, சாயங்கால மேட்சு.

ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊரு. பஸ்ஸுல ஏறிக் கண்ண மூடுறதுக்குள்ள வந்துரும். ஆனா பந்துன்னு வந்துட்டா பாகிஸ்தான் பார்டர்தான். நாங்க அவங்களைப் 'பால்கோவா'ம்போம். அவங்க எங்களைப் பாத்தா நாய் மாதிரிக் குரைச்சுக் காட்டுவாங்க, எங்க ஊரு நாய்க்குத்தான் பேராச்சே. நாங்கன்னு சொல்லுதேன் பாருங்க, நான் பிறந்தது வில்லிபுத்தூருதான். கட்டிக் குடுத்த பொறவு கட்சி மாறிட்டேன்.

இதுல ஒரு பழக்கம் உண்டு. ரெண்டு ஊரும் மோதுனா, ஜெயிச்சவன் கப்பை வண்டியில வெச்சுத் தோத்தவன் ஊருக்கே கொண்டு போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வரணும். 'கப்பு ரவுண்டு'ன்னு பேரு. தோத்த ஊர்க்காரன் ஊரு எல்லையில வண்டியை மறிப்பான். வந்தவன் இறங்கி ஆடணும், மேளம் அடிக்கணும், கெஞ்சணும். மனசு குளுந்தா வழி விடுவான்.

நான் பாவாடை கட்டுன வயசுல மாடியில நின்னு ராஜபாளையத்து வண்டி மேல மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கேன். அம்புட்டுச் சிரிப்பா இருக்கும். எப்ப மஞ்சத்தண்ணி போயி கல்லு வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. செல்போன்ல வீடியோ போட ஆரம்பிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் எவனுக்கும் விட்டுக் குடுக்க மனசு வரல.

அண்ணன் பாத்த மாப்பிள்ளை

அவியளும் அருள் அண்ணனும் ஒரு காலத்துல மாவட்ட டீம்ல ஒண்ணா ஆடுனவங்க. ஒரு தட்டுல சாப்பிட்டவங்க. என்னைப் பொண்ணு கேக்க வெச்சதே அண்ணன்தான். "ஏட்டி ரூத்து, நல்ல பய. பந்தைத் தவிர எதையும் மிதிக்க மாட்டான்"னான். அந்த ஒரு வார்த்தைக்கே நான் சரின்னுட்டேன். அது பொய்யும் இல்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல.

அவியளுக்கு ஒரே ஒரு அண்ணன், தேவராஜ் அத்தான். எங்க கிளப்புக்குச் செயலாளர் அவருதான். சொந்தமா ஒரு லோடு வேன் வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வராட்டாலும் கிரவுண்டுக்கு வந்துருவாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். கிளப்புன்னா கண்ணு தெரியாது, அம்புட்டுத்தான்.

மேட்சு முடிய இருக்கையில எங்க பயலுக ஒரு கோல் போட்டாங்க. விசில் ஊதிட்டாங்க. ஜெயிச்சாச்சு. ஆளுக ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து புரளுதாங்க. அழுகுறான் ஒருத்தன், மண்ணை அள்ளித் தின்னுதான் ஒருத்தன். அத்தான் சின்னப்பிள்ளை மாதிரி குதிக்காரு.

அவியளும் மேடை ஏறி மெடல் வாங்குனாவ. கீழ இறங்கி, நேராப் பந்தலுக்குப் பின்னாடி போனாவ. நான் பின்னாலயே ஓடுனேன். குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு நிக்காவ.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல ஜூஸைக் குடிச்சேன். தலை லேசா வலிக்குது."

அந்நேரம் என் போன் அடிச்சுச்சு. அருள் அண்ணன்.

வில்லிபுத்தூர்ல இருந்து போன்

"ஏட்டி, மாப்ள எங்க?"

"இங்கதான் நிக்காவ. உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்குத் தையல் போட்டாச்சு, அதை விடு. டாக்டரு கேக்காரு, அந்த இன்னொரு ஆளு எங்கன்னு. ரத்தம் வெளிய வரலைன்னாத்தான் பயப்படணுங்காரு. வாந்தி எதுவும் எடுத்தானா?"

"இப்பத்தான் எடுத்தாவ."

அந்தப் பக்கம் டாக்டர்கிட்ட என்னமோ கேட்டான். பொறவு சொன்னான்: "ரூத்து, உடனே ஸ்கேன் எடுக்கணும். ஊர்வலம் மயிருன்னு எங்கயும் நிக்காதீய. இப்பவே கூட்டிட்டுப் போ."

நான் அவிய கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அத்தான்கிட்டப் போனேன். விசயத்தைச் சொன்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"யாரு சொன்னா? உங்க அண்ணனா? தோத்த வயித்தெரிச்சல், வேற என்ன! இன்னைக்குக் கப்பு ரவுண்டு வந்தா ஊருல தலைகாட்ட முடியாதுல்ல. அதான் கேப்டனை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கப் பாக்கான்."

"அத்தான், டாக்டரு சொன்னதைச் சொல்லுதான்."

"எந்த ஊரு டாக்டரு? வில்லிபுத்தூர் டாக்டருதான?"

சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. அவியளும் சிரிச்சாவ. "விடு ரூத்து. உங்க அண்ணன் அப்பவே கள்ளாட்டம் ஆடுறவன்தான்"னாவ. சொல்லும்போதே நெத்தியை ஒரு கையால அமுக்கிக்கிட்டுத்தான் நின்னாவ.

அண்ணன் மறுபடியும் போன் போட்டான். என் கையில இருந்து அத்தான் பிடுங்கிட்டாரு. பிடுங்குனவரு என்ன செஞ்சாரு தெரியுமா? போனை ஸ்பீக்கர்ல போட்டு மைக்குப் பக்கத்துல வெச்சாரு. "விளையாடாதீய, ஆளைக் கொன்னுராதீய, ஸ்கேன் எடுங்க"ன்னு என் அண்ணன் கெஞ்சுறது கிரவுண்டு பூராக் கேக்குது. கூட்டம் ஊளையிடுது. "பால்கோவாவுக்கு ஸ்கேன் எடுலே!"ங்காங்க. அந்த ஊளை அண்ணன் காதுலயும் விழுந்துச்சு. போனை வெச்சுட்டான்.

சண்டைக்காரன் சொன்னா, நல்லதைச் சொன்னாலும் அது சூழ்ச்சின்னு நினைக்கிற ஊரு எங்க ஊரு. அவங்க ஊரும் லேசுப்பட்டது இல்ல, அதுக்கும் வாரேன்.

வேன்ல நின்ன மனுசன்

வேனுக்கு மாலை போட்டுக் கொடி கட்டி வெச்சிருந்தாங்க. பின்னாடி தொட்டியில டீமை ஏத்துனாங்க. அவியளைத் தூக்கிக் கப்பைக் கையில குடுத்து நடுவுல நிக்க வெச்சாங்க. தெலுங்கு பேசுற பயலுக "பதரா, பதரா"ன்னு, கிளம்புங்கடான்னு கத்துதாங்க. நான் முன்னாடி போயி நின்னு பாத்தேன். "பொம்பளையைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னு எவனோ சொன்னான்.

சரி, விட மாட்டேன்னு வேன் பக்கத்துலயே நடந்தேன். முதல்ல நம்ம ஊரைச் சுத்திட்டுத்தான் அந்த ஊருக்குப் போகணும். பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேன் ஊர்ந்து ஊர்ந்து போகுது. கடைக்குக் கடை நிறுத்தி மாலை போடுதாங்க. அவிய ஒரு தடவை வேன் பக்கவாட்டுல குனிஞ்சு வாந்தி எடுத்தாவ. பொறவு இன்னொரு தடவை. "வண்டி ஆட்டம் ஒத்துக்கல போல"ன்னு பேசிக்கிட்டாங்க.

அப்புறம் உக்காந்துட்டாவ. கப்பு மடியில இருக்கு. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நாலு பேர் முன்னாடி பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே அன்னைக்குத்தான். என்னைப் பாத்து என்னமோ சொன்னாவ. நாக்குக் குழறுது. ஒரு கண்ணு இமை மட்டும் கீழ தொங்குது.

"எட்வின் அண்ணனுக்குக் கப்பு வாங்குன போதை ஏறிருச்சுலே"ன்னு ஒருத்தன் சிரிச்சான். பீடி கூடத் தொடாத மனுசன் அவிய.

நான் ஓடிப் போயி முன்பக்கக் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த அத்தான் "ஏய், என்ன செய்யுதே"ங்காரு. அவரு கையைத் தாண்டி எட்டிச் சாவியை உருவிட்டேன். வேன் நடுரோட்டுல நின்னுச்சு. மேளம் நின்னுச்சு.

"இறங்கிப் போயி உன் தம்பியைப் பாரு! ஆட்டம் போட்டது போதும், போயிப் பாருவே!"

மூத்தவரை நான் அப்படிப் பேசுனது அதுவரைக்கும் இல்ல. அவரு இறங்கிப் போயிப் பாத்தாரு. ரெண்டு கன்னத்தையும் தட்டிக் கூப்பிட்டாரு. அவிய கண்ணைத் திறக்கல. அப்பத்தான் அவரு மூஞ்சி மாறுச்சு.

மறியல்

பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, உடனே ஸ்கேன் எடுத்தாரு. மண்டைக்குள்ள ரத்தம் கசியுது, ஆபரேசன் செய்யணும், இங்க முடியாது, மதுரைக்குப் பறங்கன்னாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தோம். அது வார வரைக்கும் நிக்க யாருக்கும் மனசு வரல. வாசல்ல வேன் நிக்குது. அதுலயே படுக்க வெச்சுட்டோம். அவிய தலை என் மடியில. கப்பை இறக்கி வைக்க ஒருத்தனுக்கும் தோணல. அது தொட்டிக்குள்ள அங்கயும் இங்கயும் உருண்டுக்கிட்டே வருது.

ராஜபாளையத்துல இருந்து மதுரைக்குப் போகணும்னா வில்லிபுத்தூரைத் தாண்டித்தான் போகணும்.

எங்க வேன் மேல என்ன இருக்குன்னு எங்களுக்கே ஞாபகம் இல்ல. கொடி பறக்குது, மாலை தொங்குது, மைக் செட்டு கூடக் கழட்டல. அத்தான் ஹாரனை அமுக்குன கையை எடுக்கல. பாக்குறவனுக்கு அது என்னவாத் தெரியும்? கப்பு ரவுண்டுதான்.

ஊரு எல்லையில டயரை அடுக்கி, பெஞ்சு, இரும்புத் தடுப்பு எல்லாம் குறுக்க போட்டு மறிச்சிருந்தாங்க. புரட்டாசிச் சனிக்கு வில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு மலையேறிட்டு வந்த கூட்டமும் வேடிக்கை பாத்துக்கிட்டு ரோட்டை அடைச்சு நிக்குது. வேனைப் பாத்ததும் ஓன்னு சத்தம். ஒரு பய நாய் மாதிரிக் குரைச்சான். உடனே பத்துப் பேர் குரைச்சாங்க.

எங்க பையன் ஒருத்தன் மைக்கை எடுத்து, "வழி விடுங்க, ஆளு சீரியஸா இருக்கு, ஸ்கேன் எடுத்தாச்சு, மதுரைக்குப் போறோம்"னு சொன்னான். ஸ்கேனுன்னு ஒரு வார்த்தை சொன்னானே, போச்சு. அண்ணனை மைக்குல வெச்சு அசிங்கப்படுத்துனது அந்த ஊருக்கே அதுக்குள்ள வீடியோவாப் போயிருக்கு.

"எங்க ஆளு சொன்னப்பச் சிரிச்சீங்கல்ல? இப்ப எங்ககிட்டயே நடிக்கீங்களாலே? இறங்கி ஆடுங்கலே!"

ஒரு கல்லு வந்து முன் கண்ணாடியில விழுந்துச்சு. இன்னொண்ணு தொட்டிக்குள்ள வந்து விழுந்துச்சு. நான் அவிய முகத்து மேல குனிஞ்சுக்கிட்டேன். பொறவு தலையைப் பக்கத்துல இருந்த பையன் மடியில வெச்சுட்டுக் கீழ குதிச்சு ஓடுனேன்.

வேன் லைட்டு வெளிச்சத்துல, ஒரு பெஞ்சை ரோட்டுக்குக் குறுக்க இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் முன்னால நிக்கான். புருவத்து மேல வெள்ளை பிளாஸ்திரி. என் அண்ணன்.

"அண்ணே, அவிய பேச்சுமூச்சு இல்லாமக் கிடக்காவ!"

அவன் என்னைப் பாத்தான். என் புடவை பூரா வாந்தி. பெஞ்சை விட்டான். அது அவன் கால் மேலயே விழுந்துச்சு, அது கூடத் தெரியாம, "எடுங்கலே! எல்லாத்தையும் எடுங்கலே!"ன்னு கூட்டத்தைப் பாத்துக் கத்துனான். போட்டது மாதிரி எடுக்க முடியுமா? பின்னாடி நிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியல. அவன் இன்னும் குரைச்சுக்கிட்டுத்தான் நிக்கான். ஒவ்வொரு டயரா அண்ணனே தூக்கி எறிஞ்சான். தையல் பிரிஞ்சு மறுபடியும் ரத்தம் ஒழுகுச்சு.

எம்புட்டு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அவன் அதைப் பத்திப் பேச மாட்டான்.

வழி கிடைச்சதும் அவனும் தொட்டியில ஏறிட்டான். மதுரை வரைக்கும் அவிய காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்து வந்தான். "மாப்ள, மாப்ள"ங்கிறதைத் தவிர வேற பேச்சு இல்ல.

டாக்டர் கேட்டது

மதுரையில உள்ள கொண்டு போனவங்க சீக்கிரமே வெளிய வந்துட்டாங்க. முடிஞ்சிருச்சு. நான் அழக்கூட இல்ல. செவுத்துல சாஞ்சு நின்னேன்.

டாக்டர் கேட்டாரு: "முதல் வாந்தி எப்ப எடுத்தாரு?"

தேவராஜ் அத்தான் முந்திக்கிட்டாரு. "வழியிலதான் சார். வில்லிபுத்தூர்ல மறிச்சுக் கல்லெறிஞ்சாங்க, அப்பத்தான்."

அண்ணன் பக்கத்துலதான் நிக்கான். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனே அதை நம்பிட்டாங்கிறது எனக்கு அப்பத் தெரிஞ்சுச்சு.

"இல்ல சார். கிரவுண்டுலயே எடுத்தாவ, மெடல் வாங்குன உடனே. கூட்டிட்டுப் போங்கன்னு அப்பவே போன் வந்துச்சு. இவங்கதான் ஊரைச் சுத்திக் காட்டுனாங்க"ன்னு நான் சொன்னேன்.

டாக்டர் எங்களைப் பாத்தாரு. "அப்பவே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா"ன்னாரு. அத்தான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

விடிஞ்சு ஊருக்கு வந்து பாத்தா, தெருமுனையில ஃபிளெக்ஸ் வெச்சாச்சு. அவிய போட்டோவுக்குக் கீழ 'வில்லிபுத்தூர் வெறியர்களால் வீழ்ந்த எங்கள் வீரன்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கிரவுண்டுல நடந்ததைப் பாத்த அம்புட்டுப் பேரும் அதுக்குக் கீழ நின்னு அழுகுதாங்க. அத்தானும் நிக்காரு. ஒருத்தனுக்கும் கூச்சம் இல்ல.

கல்லறைத் தோட்டம்

சாயங்காலம் அடக்கம். எங்க சர்ச்சு ஐயர் ஜெபம் பண்ணி முடிச்சு, பெட்டியை இறக்கியாச்சு. ஒவ்வொருத்தரா மண்ணு போட வரிசையில நிக்காங்க. டீம்காரங்க எல்லாம் ஜெர்சி போட்டு வந்திருந்தாங்க.

அண்ணன் வந்திருக்கான்னு யாரோ காதுல சொன்னாங்க. எட்டிப் பாத்தேன். கேட்டுக்கு வெளிய, வேப்பமரத்துக்கிட்ட தனியா நிக்கான். அவனை உள்ள விடக்கூடாதுன்னு நாலஞ்சு பேர் கேட்டை மறிச்சு நிக்காங்க. அதுல நடுவுல தேவராஜ் அத்தான்.

"கொன்னவன் வந்து மண்ணு போடுவானா?"ன்னு சத்தமாச் சொன்னாரு. என் காதுல விழணும்னுதான் சொன்னாரு.

என் முறை வந்துச்சு. ஒரு பிடி மண்ணை அள்ளுனேன். குழிக்குள்ள போடல. மூடுன கையோட கேட்டைப் பாத்து நடந்தேன். எல்லாரும் விலகி வழி விட்டாங்க, அத்தான் விலகல. தோளால ஒரு இடி இடிச்சுத் தள்ளிக்கிட்டு வெளிய போனேன்.

அண்ணன் என் முகத்தைப் பாக்கல. அவன் கையை இழுத்து விரிச்சு மண்ணை அதுல வெச்சேன்.

"நான் எப்படி ரூத்து..."ன்னான்.

"காப்பாத்தச் சொல்லிப் போன் போட்டதும் நீதான். ரோட்டை மறிச்சதும் நீதான். ரெண்டுக்கும் சேத்துப் போடு. உள்ள நிக்கிறவங்க அன்னைக்குச் சிரிச்சதுக்குன்னு ஒரு பிடி மண்ணு போடல, அழ மட்டும்தான் செஞ்சாங்க. நீயாவது போடு."

அவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு உள்ள வந்தேன். எவனும் மறிக்கல. அண்ணன் குழி ஓரத்துல முட்டி போட்டு, அந்த மண்ணைப் போட்டுட்டு, எந்திரிக்க முடியாம அங்கயே கிடந்தான்.

அன்னையில இருந்து என் மாமியார் வீட்டுல யாரும் எங்கிட்டப் பேசுறதில்ல. நானும் அண்ணன்கிட்டப் பேசுறதில்ல.